ஆராய்ச்சியை ஒரு துறையில் குவித்தால் ஆலையின் உற்பத்தித்திறன் வளருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர் அண்ட் டி (ஆராய்ச்சியும் மேம்பாடும்) தனித்தேர்ச்சி என்றால் என்ன? நிறைய செலவழிப்பதுதானா?

இல்லை. எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது ஆராய்ச்சிச் செறிவு; விற்பனையில் அல்லது கூட்டப்பட்ட மதிப்பில் (விற்பனையிலிருந்து வெளியே வாங்கிய பொருள்களின் செலவைக் கழித்தது) இத்தனை சதவீதம் என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பணம் எந்தெந்தத் தொழில்நுட்பங்களில் எந்த விகிதத்தில் இறங்குகிறது என்பதுதான் தனித்தேர்ச்சி. இரண்டு நிறுவனங்கள் விற்பனையில் 4 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்கலாம். ஒன்று அதை முழுக்க வினையூக்கிகளில் போடும், இன்னொன்று வினையூக்கி, பேக்கிங், சென்சார், சாயம் என்று நாலாகப் பிரிக்கும். செறிவு ஒன்றே, தனித்தேர்ச்சி வேறு. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம்.

எதை ஆர் அண்ட் டி என்று எண்ணுவது என்பதற்கு ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 1963 முதல் வெளியிட்டுவரும் ஃபிராஸ்காட்டி கையேடு உண்டு. அதன் 2015 பதிப்பு ஐந்து அளவுகோல்களை வைக்கிறது: புதுமை, படைப்பூக்கம், முடிவு முன்கூட்டியே தெரியாமை, முறைப்படி நடத்துதல், மற்றவர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தன்மை. மூன்றாவது அளவுகோலில்தான் பல திட்டங்கள் அடிபடுகின்றன. வாங்கிய இயந்திரத்தை நிறுவி ஓடவிடுவதில் வேலை நிறைய இருக்கலாம். ஆனால் விடை முன்பே தெரியும் என்றால் அது ஆர் அண்ட் டி ஆகாது.

உற்பத்தித்திறன் என்று எதை அளக்கிறோம்?

இரண்டு அளவுகள் உண்டு. உழைப்பு உற்பத்தித்திறன் என்பது ஒரு மணிநேர வேலைக்கு எவ்வளவு மதிப்பு கூடுகிறது என்பது. மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்பது உழைப்பு, மூலதனம் இரண்டும் கூடியதற்கான பங்கைக் கழித்த பிறகு மிஞ்சும் வளர்ச்சி. ராபர்ட் சோலோ 1957இல் அமெரிக்காவின் 1909–1949 காலத்துக்கு இந்தக் கழித்தலைச் செய்துபார்த்தார். மணிநேர உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானதில் எட்டில் ஏழு பங்கு மூலதனப் பெருக்கத்தால் விளக்க முடியாத எச்சமாக நின்றது. ஆராய்ச்சியின் பலனைத் தேடுகிறவர்கள் இந்த எச்சத்துக்குள்தான் தேடுகிறார்கள்.

புது இயந்திரம் வாங்கியதாலேயே உழைப்பு உற்பத்தித்திறன் ஏறிவிடும். அதனால் ஆராய்ச்சியின் பங்கைக் கேட்கும்போது மொத்தக் காரணி அளவையே எடுப்பது நல்லது.

நேரடியாகச் சொல்லுங்கள்: குவித்தால் கூடுமா, கூடாதா?

குவித்த துறை உங்கள் உற்பத்தி வரிசையோடும் அக்கம்பக்கத்துத் தொழில்களோடும் ஒட்டியிருந்தால் கூடும். ஒட்டாத துறையில் எவ்வளவு குவித்தாலும் ஆலைக் கணக்கில் அது தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்று: ஆராய்ச்சி நடக்கும் இடமும் அதன் விளைச்சல் தெரியும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. பணம் போட்ட துறையிலேயே பலனைத் தேடுகிறவருக்குப் பலன் இல்லை என்ற தவறான விடைதான் கிடைக்கும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரே விஷயத்தின் கிளைகள்.

ஆராய்ச்சியால் உற்பத்தித்திறன் எவ்வளவு கூடும்? எண் உண்டா?

உண்டு, ஆனால் அகலமான எண். ஹால், மெரெஸ், மோனென் மூவரும் 2010இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது ஆர் அண்ட் டி நெகிழ்ச்சி 0.01 முதல் 0.25 வரை விரிந்து கிடந்தது, நடுமையம் 0.08 அளவில். அதாவது, சேர்ந்திருக்கும் ஆராய்ச்சி மூலதனம் 1 சதவீதம் கூடினால் உற்பத்தி சுமார் 0.08 சதவீதம் கூடும். ஆராய்ச்சி மூலதனம் ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும் ஒரு தொழிலில் இது ஆண்டு வளர்ச்சியில் 0.4 சதவீதப் புள்ளி. கேட்க அற்பமாக இருக்கும். ஆலைத் தொழிலில் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் ஆண்டுக்கு ஒரு சதவீதம் ஏறுவதே நல்ல வேகம் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள், அற்பமில்லை.

இது நிறுவனத்தின் சொந்தப் பலன் மட்டும். ப்ளூம், ஷாங்கர்மன், வான் ரீனன் 2013இல் அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து, ஆர் அண்ட் டியின் சமூக வருவாய் விகிதம் (எல்லாருக்கும் சேர்த்துக் கிடைப்பது) 55 சதவீதம், அதைச் செய்த நிறுவனத்துக்கே கிடைப்பது 21 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். மிச்சம் மற்றவர்கள் பக்கம் கசிகிறது.

ஆராய்ச்சி மூலதனத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஸ்வி கிரிலிகஸ் 1979இல் செம்மைப்படுத்திய வழிதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த ஆண்டு இருப்பில் தேய்மானத்தைக் கழித்து, இந்த ஆண்டு செலவைக் கூட்டுங்கள். வழக்கமான தேய்மானம் 15 சதவீதம். தொடக்க இருப்பு தெரியாது என்பதால், முதல் ஆண்டுச் செலவை வளர்ச்சி விகிதமும் தேய்மானமும் சேர்ந்த எண்ணால் வகுத்துக்கொள்வார்கள்.

செலவு 10 அலகு, ஆண்டு வளர்ச்சி 5 சதவீதம், தேய்மானம் 15 சதவீதம் என்று வையுங்கள். தொடக்க இருப்பு 10 ÷ 0.20 = 50. ஆண்டு முடிவில் 50 × 0.85 + 10 = 52.5. செலவு வளரும் வேகத்திலேயே இருப்பும் வளர்கிறது. கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இது போதும்.

தனித்தேர்ச்சியைப் பற்றிய கேள்வி என்று வந்தால் அந்த 15 சதவீதம்தான் காலை வாரும். அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் துறைவாரியாக வைத்திருக்கும் தேய்மான விகிதம் மருந்துத் துறைக்கு 10 சதவீதம், கணினித் துறைக்கு 40 சதவீதம். அதே 10 அலகுச் செலவுக்கு, அதே 5 சதவீத வளர்ச்சியில், மருந்து ஆராய்ச்சியின் தொடக்க இருப்பு 66.7, கணினி ஆராய்ச்சியின் இருப்பு 22.2. ஒரே செலவு, மூன்று மடங்கு வித்தியாசம். எல்லாத் துறைக்கும் ஒரே விகிதத்தைப் போட்டால், வேகமாகப் பழையதாகிப் போகும் துறையில் குவித்தவர்களுக்கு இல்லாத மூலதனத்தை இருப்பதாகக் காட்டிவிடுவீர்கள். பிறகு "அவர்களுடைய ஆராய்ச்சி பலன் தரவில்லை" என்று முடிவு வரும்.

தனித்தேர்ச்சியை அளக்க எந்தக் குறியீடு?

மூன்று குறியீடுகள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கு விடை சொல்கிறது.

ஒப்பீட்டுக் குறியீடு: பலாசா 1965இல் ஏற்றுமதிக்குக் கொண்டுவந்த முறையின் ஆராய்ச்சி வடிவம். ஒரு நாட்டின் ஆராய்ச்சியில் மருந்தின் பங்கு 18 சதவீதம், உலக ஆராய்ச்சியில் மருந்தின் பங்கு 12 சதவீதம் என்றால் குறியீடு 1.5. ஒன்றுக்கு மேல் என்றால் அந்தத் துறையில் தனித்தேர்ச்சி. இதில் ஒரு கோணல் உண்டு. பின்தங்கல் 0 முதல் 1 வரைக்குள் அடங்கிவிடும், முன்னேற்றமோ 1க்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் போகும். பின்னடைவுச் சமன்பாட்டில் (ரெக்ரஷன்) போடுவதற்கு முன் ஒன்றைக் கழித்து, ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுங்கள்: 0.5 ÷ 2.5 = 0.2. இப்போது அது −1க்கும் +1க்கும் இடையே சமச்சீராக நிற்கும்.

ஹெர்ஃபின்டால் குறியீடு: பங்குகளின் வர்க்கங்களின் கூட்டல். 50, 30, 20 சதவீதம் என்று மூன்று துறைகள் என்றால் 0.25 + 0.09 + 0.04 = 0.38. ஒன்றை இதனால் வகுத்தால் 2.6, பெயருக்கு மூன்று துறை, உண்மையில் இரண்டரைத் துறை. உலகத்தோடு ஒப்பிடாமல் உள்ளே எவ்வளவு குவிந்திருக்கிறது என்று மட்டும் இது சொல்லும்.

நெருக்கக் குறியீடு: ஆடம் ஜாஃபி 1986இல் பயன்படுத்தியது. இரண்டு நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பங்கீட்டை இரண்டு திசைகளாக எண்ணி, இடைக்கோணத்தின் கோசைனை எடுப்பது; 1 என்றால் ஒரே திசை, 0 என்றால் பொதுவான துறையே இல்லை. ஒன்றின் பங்கீடு 80–20–0, மற்றதன் பங்கீடு 60–30–10 என்றால் கோசைன் 0.97, ஏறக்குறைய ஒரே திசை. ஒருவர் கண்டுபிடிப்பது மற்றவருக்குக் கசியும் வாய்ப்பை மதிப்பிட இதைத்தான் எடைக்கல்லாக வைப்பார்கள். உற்பத்தித்திறனைப் பற்றிய கேள்விக்கு மூன்றிலும் அதிகம் உதவுவது இதுதான்.

காப்புரிமை எண்ணிக்கையை வைத்து அளக்கலாமா?

துறைவாரி ஆராய்ச்சிச் செலவு கிடைக்காத இடத்தில் வேறு வழியில்லை. சர்வதேசக் காப்புரிமை வகைப்பாட்டில் எட்டுப் பிரிவுகளும் அவற்றுக்குக் கீழே நுணுக்கமான கிளைகளும் இருக்கின்றன. எந்தத் தொழில்நுட்பம் என்று செலவுக் கணக்கைவிடத் துல்லியமாகத் தெரியும்.

சிக்கல் இரண்டு. மருந்துத் துறை கண்டுபிடித்ததற்கெல்லாம் காப்புரிமை எடுக்கும். உருக்கு, உணவு போன்ற துறைகள் செய்முறையை ரகசியமாக வைத்துக்கொள்ளும். ஆகவே துறைகளுக்கிடையே எண்ணிக்கையை நேரே ஒப்பிடாதீர்கள். ஒரே துறைக்குள் நாடுகளை ஒப்பிடுங்கள். இரண்டாவது, சின்ன எண்ணின் மாயம். மொத்தம் 300 காப்புரிமை உள்ள ஒரு பகுதி, உலகப் பங்கு 0.2 சதவீதமே உள்ள ஒரு சிறு துறையில் 3 காப்புரிமை வைத்திருந்தால் குறியீடு 5 என்று வரும். மூன்றே மூன்று காகிதம். அதை "ஐந்து மடங்கு தனித்தேர்ச்சி" என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். ஒற்றை ஆண்டை விட்டு ஐந்தாண்டுக் கூட்டலை எடுத்தால் இது பெரும்பாலும் அடங்கும்.

ஆராய்ச்சி செய்யாத துறையில்கூட உற்பத்தித்திறன் ஏறுகிறதே, எப்படி?

இயந்திரத்தோடு சேர்த்து ஆராய்ச்சியையும் விலைக்கு வாங்குவதால். கீத் பாவிட் 1984இல், பிரிட்டனில் 1945க்குப் பிறகு வந்த சுமார் 2,000 புத்தாக்கங்களை வைத்து, தொழில்களை நான்காகப் பிரித்தார்: சப்ளையரை நம்பியவை, பெரும் அளவில் ஓடுபவை, தனித்தேர்ச்சி பெற்ற கருவி சப்ளையர்கள், அறிவியலை அடிப்படையாகக் கொண்டவை. ஜவுளி முதல் வகைக்கு நல்ல உதாரணம். நூற்பாலை தன் கணக்கில் ஆராய்ச்சி என்று எழுதும் தொகை மிகச் சிறியது. ஆனால் ரிங் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 20,000 சுற்றைத் தாண்டியதும், ரோட்டார் நூற்பு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போனதும் இயந்திரம் செய்கிறவர்களின் ஆராய்ச்சி. செலவு இயந்திரத் துறையின் பேரேட்டில். ஆள்மணி ஒன்றுக்குக் கிடைக்கும் நூலின் உயர்வு ஜவுளித் துறையின் பேரேட்டில்.

இதன் நடைமுறைப் பொருள்: இயந்திரக் கருவிகள், கட்டுப்பாட்டுக் கருவிகள், சிறப்பு வேதிப்பொருள்கள் போன்ற மேல்நிலைத் துறைகளில் ஆராய்ச்சியைக் குவிக்கும் நாட்டில், பலன் அந்தத் துறைகளில் பாதியும் அவற்றை வாங்கும் துறைகளில் பாதியுமாகக் கிடக்கும். உள்ளீடு-வெளியீட்டு அட்டவணையை (எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்ற பட்டியல்) கொண்டு "எவருடைய ஆராய்ச்சியை எவர் வாங்குகிறார்" என்று எடை போட்டுச் சேர்த்தால் ஒழிய அது கண்ணில் படாது.

பொருள் ஆராய்ச்சி, செய்முறை ஆராய்ச்சி: எதில் குவித்தால் ஆலைக்கு லாபம்?

உற்பத்தித்திறனை உடனே தொடுவது செய்முறை ஆராய்ச்சி. ஆனால் எங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று நிலையங்கள் உள்ள ஒரு வரிசை: ஒரு துண்டுக்கு 45, 60, 50 விநாடி. வரிசையின் வேகம் நடுவில் உள்ள 60 விநாடிதான். மணிக்கு 60 துண்டு. ஆராய்ச்சிக் குழு முதல் நிலையத்தில் தேர்ந்தவர்கள் என்பதால் அங்கே 45ஐ 30 ஆக்கினால் மணிக்கு அதே 60 துண்டுதான் வரும். அறிக்கையில் பெரிய சாதனை, உற்பத்தியில் சுழியம். நடு நிலையத்தை 60இலிருந்து 48க்குக் கொண்டுவந்தால் மணிக்கு 75 கிடைக்கும் என்று தோன்றும். கிடைப்பது 72, ஏனென்றால் இப்போது மூன்றாவது நிலையத்தின் 50 விநாடி முட்டுக்கட்டையாகிவிட்டது.

நல்ல துண்டுகளின் விகிதத்தில் செய்யும் வேலை இன்னும் நேரடியானது. அது 92இலிருந்து 95 சதவீதம் ஆனால், அதே ஆள், அதே இயந்திரம், அதே மூலப்பொருளில் 3.3 சதவீதம் கூடுதல் உற்பத்தி.

பொருள் ஆராய்ச்சியின் கதை வேறு. புதுப் பொருள் வரிசையில் ஏறியதும் உற்பத்தித்திறன் முதலில் விழும். விமானத் தயாரிப்பில் 1936இல் டி. பி. ரைட் காட்டிய கற்றல் வளைவு, மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் உழைப்பு நேரம் 80 சதவீதமாகக் குறையும் என்றது. முதல் துண்டுக்கு 100 மணி என்றால் இரண்டாவதற்கு 80, நான்காவதற்கு 64, எட்டாவதற்கு 51. அடிக்கடி பொருளை மாற்றுகிறவர் அந்த வளைவின் உச்சியிலேயே திரும்பத் திரும்ப நிற்கிறார். அவருடைய லாபம் விலையில் வரலாம். விலைக் குறியீடு தரத்தைச் சரியாகக் கழிக்காவிட்டால் அது உற்பத்தித்திறனாக எண்ணப்படாது.

பெரிய நிறுவனங்களின் ஆராய்ச்சியில் செய்முறையின் பங்கு ஏன் அதிகம் என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு துண்டுக்கு மிச்சமாகும் சிறு தொகையை எத்தனை துண்டால் பெருக்குகிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது.

ஒரே செய்முறையில் குவித்து வென்றதற்கு நல்ல உதாரணம்?

மிதவைக் கண்ணாடி. 1950களின் தொடக்கம் வரை, காட்சிச் சாளரத்துக்கான தட்டைக் கண்ணாடியை உருட்டி எடுத்து இரு பக்கமும் அரைத்துப் பளபளப்பாக்க வேண்டியிருந்தது. அரைப்பதில் கண்ணாடியின் கணிசமான பங்கு தூளாகப் போகும். அரைக்கும் வரிசையோ ஆளையும் மின்சாரத்தையும் விழுங்கும். இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸில் பில்கிங்டன் நிறுவனம் 1952இல் எடுத்த யோசனை: உருகிய கண்ணாடியை உருகிய தகரத்தின் (வெள்ளீயம்) மேல் ஓடவிடுவது. திரவத்தின் மேல்பரப்பு தானாகவே சமதளம். அரைக்கும் வேலையே தேவைப்படாது.

தகரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், கண்ணாடி வந்து விழும் சுமார் 1,000 டிகிரியில்கூட அதிகம் ஆவியாகாது, கண்ணாடியைவிட அடர்த்தி மிக்கது. கண்ணாடி 600 டிகிரி அளவில் உறுதியாகி வெளியேறும்போதும் தகரம் திரவமாகவே இருக்கும். காற்றுப் பட்டால் தகரம் ஆக்சைடாகிக் கண்ணாடியில் ஒட்டும். அதனால் தொட்டிக்கு மேல் நைட்ரஜனும் கொஞ்சம் ஹைட்ரஜனும் நிரப்ப வேண்டியிருந்தது. முழு அளவு ஆலை 1957இல் ஓடத் தொடங்கியது. அதன்பின் 14 மாதங்கள் விற்கத் தகுந்த கண்ணாடி வரவில்லை. மாதம் சுமார் ஒரு லட்சம் பவுண்டு போய்க்கொண்டிருந்தது. 1959 ஜனவரியில் அறிவித்தார்கள். மொத்தச் செலவு சுமார் 70 லட்சம் பவுண்டு.

அந்த 14 மாதங்களைப் பாருங்கள். உற்பத்தித்திறன் கணக்கில் அது வெறும் நஷ்டம்: உழைப்பும் எரிபொருளும் உள்ளே போகின்றன, வெளியே உடைசல். மூன்றாண்டுக் கணக்கை எடுத்து இந்த ஆராய்ச்சியை எடைபோட்டிருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். அடுத்து, உலகின் முக்கியக் கண்ணாடி நிறுவனங்கள் உரிமம் பெற்று இதே முறைக்கு மாறின. ஒரு நிறுவனத்தின் குவிப்பு ஒரு தொழில் முழுவதற்கும் உற்பத்தித்திறனாக விரிந்தது. உரிமத் தொகை போக மிச்சமெல்லாம் மற்றவர் கணக்கில்.

ஒரே இடத்தில் ஒரே துறையா, பல துறைக் கலவையா? எது நல்லது?

இது பழைய சண்டை. ஒரு பக்கம் பொருளாதார அறிஞர்கள் மார்ஷல், ஆரோ, ரோமர் பெயரில் சொல்லப்படும் வாதம்: ஒரே தொழிலில் இருப்பவர்கள் அருகருகே இருந்தால் அறிவு பரவும். மறுபக்கம் நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேகப்ஸின் வாதம்: புதுமை வேறு துறையிலிருந்துதான் வருகிறது. 1992இல் கிளேசரும் மூன்று பேரும் 170 அமெரிக்க நகரங்களில் 1956–1987 காலத்தைப் பார்த்து, பன்முகமும் போட்டியும் வளர்ச்சியோடு சேர்ந்து போகின்றன, தனித்தேர்ச்சி அப்படிப் போகவில்லை என்றார்கள். அவர்கள் அளந்தது வேலைவாய்ப்பு வளர்ச்சியை, உற்பத்தித்திறனை அல்ல. உற்பத்தித்திறன் ஏறினால் வேலை குறையவும் செய்யும் என்பதால் அந்த முடிவை அப்படியே இங்கே தூக்கிவரக் கூடாது.

2007இல் ஃபிரெங்கன், வான் ஊர்ட், வெர்பர்க் நெதர்லாந்தை வைத்து, பன்முகத்தைத் தொடர்புள்ள பன்முகம், தொடர்பற்ற பன்முகம் என்று இரண்டாகப் பிரித்தது பயனுள்ள வேலை. பூச்சு வேதியியலும் உலோகவியலும் அருகில் இருப்பது ஒன்று. பூச்சு வேதியியலும் மென்பான நொதித்தலும் அருகில் இருப்பது வேறொன்று. எங்கள் கணிப்பில் "குவிப்பா, பரப்பா" என்ற கேள்வியே அரைகுறை. ஒரு மையத் துறை, அதைத் தொடும் இரண்டு மூன்று துறைகள் என்ற அமைப்பு எல்லா அளவிலும் தாக்குப்பிடிக்கிறது.

உயர்தொழில்நுட்பத் துறைக்கு மாறிவிட்டால் போதாதா?

எண்கள் ஏறும். உற்பத்தித்திறன் ஏறியதா என்பது தனிக்கேள்வி.

ஒரு நாட்டில் கூட்டப்பட்ட மதிப்பில் 30 சதவீதம் உயர் ஆராய்ச்சித் துறையிலிருந்தும் (செறிவு 10 சதவீதம்) மிச்சம் சாதாரணத் துறைகளிலிருந்தும் (செறிவு 1 சதவீதம்) வந்தால் மொத்தச் செறிவு 3.7. இன்னொரு நாட்டில் உயர் துறையின் பங்கு 10 சதவீதம் மட்டும் என்றால் 1.9. துறைக்குத் துறை இருவரும் ஒரே அளவுதான் செலவழிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் பார்சிலோனாவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதம் என்ற இலக்கை 2010க்கு வைத்தது, எட்டவில்லை. அமெரிக்காவோடு இருந்த இடைவெளியில் பெரும்பங்கு நிறுவனங்களின் சோம்பலால் வந்ததல்ல, துறைக் கட்டமைப்பால் வந்தது. கட்டமைப்பை மாற்றாமல் "எல்லாரும் இன்னும் செலவழியுங்கள்" என்றால், வாகனத் துறை தனக்குத் தேவையானதற்கு மேல் செலவழிக்க வேண்டிவரும்.

இன்னொரு பொறி, தரத்துக்குத் திருத்திய விலைக் குறியீடு. அதே விலையில் இரு மடங்கு வேகமுள்ள சிப் வந்தால் அது இரு மடங்கு உற்பத்தி என்று எண்ணப்படும். ஹவுஸ்மன், பார்டிக், ஸ்டர்ஜன் காட்டியபடி, அமெரிக்க ஆலைத் தொழிலின் வளர்ச்சியில் கணினி, குறைகடத்திப் பிரிவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சொற்பம். அந்தப் பிரிவில் தனித்தேர்ச்சி உள்ள நாடு உற்பத்தித்திறனில் பாய்ச்சல் காட்டும். அதன் பிற ஆலைகள் நின்ற இடத்திலேயே நிற்கலாம். துறைவாரியாகப் பிரித்துப் பார்க்காமல் மொத்த எண்ணை நம்பாதீர்கள்.

நாட்டின் ஆராய்ச்சி ஒரே நிறுவனத்தில் குவிந்தால்?

பின்லாந்தைப் பாருங்கள். 2009இல் அதன் ஆர் அண்ட் டி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 3.7 சதவீதம், உலகின் உச்ச வரிசை. அதில் பெரும்பகுதி நோக்கியாவைச் சுற்றியது. கைபேசிப் பிரிவு சரிந்து, 2014இல் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது; 2016இல் நாட்டின் செறிவு 2.7 சதவீதம் அளவுக்கு இறங்கியது. நாட்டு அளவில் அழகாகத் தெரிந்த தனித்தேர்ச்சி ஒரே நிறுவனத்தின் திட்ட அட்டவணையாக இருந்தது. குறியீடு போடும்போது முதல் நிறுவனத்தை நீக்கிவிட்டு மறுபடி ஒருமுறை போடுங்கள். எண் தலைகீழானால், நீங்கள் அளந்தது தொழிலை அல்ல.

வெளிநாட்டு ஆராய்ச்சியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதா?

எடுத்துக்கொள்கிறார்கள்தான். கோ, ஹெல்ப்மன் இருவரும் 1995இல் 22 நாடுகளை வைத்து, சிறு நாடுகளுக்கு உள்நாட்டு ஆராய்ச்சியைவிட வணிகக் கூட்டாளிகளின் ஆராய்ச்சி பெரிதாக உதவலாம் என்றார்கள். வொல்ஃப்காங் கெல்லரின் கணிப்பில் பெரும்பாலான நாடுகளுக்கு உற்பத்தித்திறன் வளர்ச்சியில் 90 சதவீதமோ மேலுமோ வெளியிலிருந்து வரும் தொழில்நுட்பம். அவரே 2002இல் சொன்ன மற்றொன்று: கசிவு சுமார் 1,200 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாதியாகிறது.

ஆனால் இலவசம் இல்லை. மான்ஸ்ஃபீல்டும் கூட்டாளிகளும் 1981இல் 48 புத்தாக்கங்களைப் பார்த்து, நகலெடுக்க ஆகும் செலவு முதலில் கண்டுபிடித்த செலவில் சராசரியாக 65 சதவீதம் என்றார்கள். கோஹன், லெவிந்தால் சொன்ன உள்வாங்கும் திறன் இதுதான்: சொந்தமாகக் கொஞ்சம் ஆராய்ச்சி செய்கிறவருக்கே பிறர் ஆராய்ச்சி புரியும். ஆகவே எதில் முன்னோடியாகப் போகிறோமோ அதில் மட்டும் ஆராய்ச்சி என்று வைத்தால், வாங்க வேண்டியதை வாங்கத் தெரியாமல் போகும்.

பலன் தெரிய எத்தனை ஆண்டு?

செய்முறைத் திருத்தம் ஓரிரு ஆண்டு. புதுப் பொருள் அதற்கு மேல். பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து தொழிலில் பயன்பாடு வரை சராசரி ஏழு ஆண்டு என்பது மான்ஸ்ஃபீல்டின் 1991 மதிப்பீடு.

கணக்கு எங்கெல்லாம் தவறுகிறது?

இரட்டை எண்ணல் முதலாவது. ஆராய்ச்சியாளரின் சம்பளம் உழைப்பிலும் இருக்கும், ஆர் அண்ட் டியிலும் இருக்கும். கழிக்காமல் விட்டால் வருகிற எண், சாதாரண வருவாய்க்கு மேற்பட்ட கூடுதல் வருவாய். அதை மொத்த வருவாய் என்று வாசித்துவிடுவார்கள். 2008 தேசியக் கணக்கு முறைப்படி ஆர் அண்ட் டி முதலீடாக எண்ணப்படுகிறது (அமெரிக்கா 2013இல் மாறியது). அதற்கு முந்தைய, பிந்தைய தொடர்களை ஒட்டித் தைத்தால் நடுவில் இல்லாத பாய்ச்சல் தெரியும்.

அடுத்தது முகவரி. பல பொருள் செய்யும் நிறுவனத்தின் ஆராய்ச்சி முழுவதும் அதன் முதன்மைத் தொழிலின் பெயரில் பதிவாகும். தலைமையகம் இருக்கும் ஊரில் பதிவாகும். ஆலை வேறு மாநிலத்தில், சில நேரம் வேறு நாட்டில் இருக்கும். இதன் உச்சம் அயர்லாந்து. 2015இல் அதன் பொருளாதாரம் 26 சதவீதம் வளர்ந்ததாக முதலில் வெளியானது. காரணம் அங்கே புதிதாக ஆலை எழுந்தது அல்ல. பன்னாட்டு நிறுவனங்கள் அறிவுசார் சொத்தைக் காகிதத்தில் அங்கே நகர்த்தியது.

மூன்றாவது, காரணமும் விளைவும் இடம் மாறுவது. நன்றாக வளரும் துறைக்குத்தான் ஆராய்ச்சிப் பணம் போகும். தனித்தேர்ச்சியும் வளர்ச்சியும் ஒரே ஆண்டில் சேர்ந்து ஏறுவதைக் காட்டி ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று சொல்லாதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு பின்தள்ளிய பங்கீட்டை வைத்துப் பாருங்கள்.

ஒரே துறையில் தொடர்ந்து குவித்தால் பலன் தேயுமா?

தேயும். சிப்பில் டிரான்சிஸ்டர் அடர்த்தியை இரட்டிப்பாக்க 1970களின் தொடக்கத்தில் தேவைப்பட்டதைவிட இப்போது 18 மடங்குக்கு மேல் ஆராய்ச்சியாளர்கள் தேவை என்பது ப்ளூம், ஜோன்ஸ், வான் ரீனன், வெப் 2020இல் காட்டிய கணக்கு. அதே வேகத்தில் ஓடவே குவிப்பை ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

எங்கள் நிறுவனத்தில் இதை எப்படித் தொடங்குவது?

கடந்த ஐந்து ஆண்டு ஆராய்ச்சி மணிநேரங்களைத் திட்டவாரியாக எடுங்கள். பணத்தை விட மணிநேரம் நம்பகமானது, கருவி வாங்கிய ஆண்டில் பணக்கணக்கு பொங்கிவிடும். ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று குறிப்பு: எந்தத் தொழில்நுட்பம், பொருளா செய்முறையா, பலன் யாருடைய வரிசையில் (நம்முடையதா, வாடிக்கையாளருடையதா, சப்ளையருடையதா). மூன்றாவது குறிப்பை நிரப்ப யாருக்கும் பிடிக்காது. ஆனால் அதுதான் முழு வேலையின் சாரம். பலன் வாடிக்கையாளரிடம் போகும் திட்டத்தை ஆலையின் உற்பத்தித்திறனால் அளந்து மூடிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

பிறகு ஹெர்ஃபின்டால் போடுங்கள். அடுத்து, பங்கு சிறிதாக உள்ள ஒவ்வொரு துறைக்கும் ஒரு கேள்வி: இதன் முடிவை மையத் துறைத் திட்டம் எதாவது கடந்த மூன்று ஆண்டில் எடுத்துப் பயன்படுத்தியதா? இல்லை என்றால், அதில் முழுநேரமாக இரண்டு பேர்கூட இல்லை என்றால், வெளியிலிருந்து வாங்குவது மேல். இந்த எல்லைக்கு அறிவியல் ஆதாரம் கேட்காதீர்கள். ஒரே ஆள் பார்க்கும் துறையில் அவர் விலகினால் அறிவும் விலகிவிடும் என்ற நடைமுறைக் கணக்குதான்.

சிறு ஆலைக்கு இதெல்லாம் பொருந்துமா?

குறியீடுகள் பொருந்தாது, இரண்டு திட்டத்துக்கு ஹெர்ஃபின்டால் போட்டு என்ன பயன்? முட்டுக்கட்டை நிலையம் எது என்று கண்டுபிடித்து, ஆராய்ச்சி முழுவதையும் அங்கே வையுங்கள். மற்றதற்கு இயந்திர சப்ளையரின் ஆராய்ச்சி போதும்.

வரிச்சலுகைக்காகக் காட்டிய ஆர் அண்ட் டி எண்ணை இந்தக் கணக்கில் போடலாமா?

சோதித்த பிறகு போடலாம். சீனாவில் ஆராய்ச்சிச் செலவு விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் வரி குறையும் என்ற திட்டத்தை ஆராய்ந்தவர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரையில், திட்டத்தால் கூடியதாகக் காட்டப்பட்ட ஆராய்ச்சியில் சுமார் 24 சதவீதம் நிர்வாகச் செலவையே ஆராய்ச்சி என்று பெயர் மாற்றிக் காட்டியது என்று மதிப்பிட்டார்கள். கண்டுபிடிக்க எளிய வழி: சலுகை எல்லையை ஒட்டி ஆர் அண்ட் டி விகிதம் திடீரெனத் தாவுகிற ஆண்டில் நிர்வாகச் செலவு விகிதம் அதே அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் அந்த ஆண்டின் எண்ணுக்குப் பதில், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.